நாடகத் தமிழின் முதற்பாடம்

பல்கலைக்கழகத் தமிழ்ப் பாடத்திட்டங்களில் நாடகத்திற்கென ஓரிடம் நெடுங்காலமாக உண்டு. அவ்விடத்தில் பெரும்பாலும் வீற்றிருந்து வந்தது மனோன்மணீயமே. 1891-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலை மாணவர் பயில்கின்றனர்; கதைச் சுருக்கம் எழுதுகின்றனர்; குடிலன் பண்பு யாது, சீவகன் பண்பு யாது எனக் கேட்கப்படும் வினாக்களுக்கு விடை இறுக்கின்றனர்; தேர்வும் பெறுகின்றனர். இவ்வளவும் நிகழ்ந்த பின்னர் அவர்கள் நாடகம் கற்றவராவரோ என்பதே ஈண்டு ஆராயப் புகும் பொருள். வினா எளியது போலத் தோன்றினும், முத்தமிழுள் ஒன்றனை நாம் எவ்வாறு தொடங்கிக் கற்பிக்கின்றோம் என்பது இதனுள் அடங்கியிருத்தலின் புறக்கணித்தற்குரியதன்று.

யான் மாணவனாய் இருந்த கல்லூரியில் மனோன்மணீயம் கற்பித்த பேராசிரியர் யாப்பில் வல்லவர். ஆசிரியப்பாவின் ஓசையை அவர் நாவினின்று கேட்டல் தனி இன்பம். ஆயினும் அந்த ஆண்டு முழுவதும் ஒரு களத்தையேனும் இருவர் எழுந்து நின்று மாறி மாறிப் பேசக் கேட்டிலேம். கூற்றுகள் அனைத்தையும் பேராசிரியர் ஒருவரே ஒரே குரலில் படித்தார். முனிவரும் அமைச்சனும் மன்னனும் அக்குரலுள் ஒருவராயினர். இது பேராசிரியர் குறையன்று. அவர்க்குக் கற்பித்தோரும் அவ்வாறே கற்பித்தனர். நாடகம் செய்யுளின் ஒரு வகை என்னும் எண்ணம் நம்மிடை ஆழ வேரூன்றிவிட்டது.

இவ்வெண்ணத்திற்கு ஒரு நியாயமும் காட்டப்படுகின்றது. மனோன்மணீயம் நடித்தற்கு அன்றிப் படித்தற்கே எழுந்தது என்பர். ஆங்கிலப் புலவர் லிட்டன் பிரபு பாடிய கதை ஒன்றைத் தழுவி, திருவனந்தபுரத்துத் தத்துவப் பேராசிரியராய் விளங்கிய சுந்தரம் பிள்ளை இயற்றியது அது. நீண்ட தனிமொழிகளும், இடையே தொடுக்கப்பட்ட சிவகாமி சரிதமும் அரங்கின் பொறுமையைச் சோதிப்பன என்பதை மறுத்தல் இயலாது. ஆயினும் படித்தற்குரிய நாடகம் என்பதற்கு, நாடகம் என்பதை மறந்து படித்தற்குரியது என்பது பொருளாகாது. அதனைப் படிப்பவன் தன் உள்ளத்தே ஓர் அரங்கு அமைத்துக்கொள்ளல் வேண்டும். எவன் எங்கு நிற்கின்றான், ஒருவன் பேசுங்கால் மற்றவன் யாது செய்கின்றான், யார் பேசாதிருக்கின்றார் என்பனவற்றை அவன் காணாவிடின் பாதி நூலைப் படிக்கவில்லை என்றே கூறலாம்.

சான்றாக இறுதிக் களத்தை நோக்குக. அகப்பகை சூழ்ந்த நிலையில் மனோன்மணியைக் குடிலன் மகன் பலதேவனுக்கு மணம் முடிக்க ஏற்பாடாகின்றது. சுருங்கை வழியாகப் புருடோத்தமன், விலங்கிட்ட குடிலனுடன் தோன்றுகின்றான். பலதேவனுக்கென எடுத்த மாலை அவன் தோளை அடைகின்றது. கதைச் சுருக்கம் எழுதும் மாணவன் இதனை ஒரு தொடரில் முடித்துவிடுவான். ஆயின் அவையில் அத்தனை பேரும் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் மனோன்மணி யாது செய்துகொண்டிருந்தாள்? கனவிற் கண்டவனையன்றி அறியாதவள். தந்தையின் பொருட்டு மனமிசையாத மணத்திற்கு உடன்பட்டவள். அவளது வாய்வாளாமையே அக்களத்தின் அச்சு. பேச்சை மட்டும் எண்ணிச் செல்லும் வகுப்பில் பேசாதவள் காணாமற் போகின்றாள். மாலையிடுதல் என்பது சொல்லன்று, செயல்; அச்செயலுக்கு முன்னுள்ள நெடிய அமைதியை உணராதவன் அதன் விரைவையும் உணரான்.

நாடகத்தைத் தொடக்க மாணாக்கர்க்கு முறையாகக் கற்பித்தல் வேண்டும் என்னும் கருத்து நம்மிடை எழாமல் இல்லை. 1897-ஆம் ஆண்டில் வி. கோ. சூரியநாராயண சாத்திரியார் நாடகவியல் என்னும் இலக்கண நூலைச் செய்தார். வடமொழி நாடக நூன்முறையையும் ஆங்கில நாடக மரபையும் ஒருங்கு நோக்கி, பழைய இலக்கணங்கள் இறந்துபட்ட குறையைப் போக்கப் புகுந்த முயற்சி அது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த ஓராசிரியர், முப்பது ஆண்டும் நிரம்பாத இளமையில், தமக்கு முன் வழிகாட்டும் நூல் ஒன்றும் கையில் இன்றி இதனைச் செய்தார் என்பதை நினையுந்தோறும் வியப்பே மிகுகின்றது. ஆயினும் நாடகவியல் செய்யுளால் ஆயது. இலக்கணம் வகுக்கும் போக்கினது. அதனைக் கற்ற மாணவன் நாடகத்தின் வகைகளையும் உறுப்புகளையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவான். தலைவன் இத்தகையன், களம் இத்தன்மைத்து எனக் கூறுவான். ஒரு வாயிலில் எவ்வாறு நுழைவது என்பதை அறியான். நூலாசிரியர் எழுதுவோனையும் மதிப்பிடுவோனையும் முன்னிறுத்தினாரேயன்றி ஆடுவோனை முன்னிறுத்தவில்லை. இதில் ஒரு முரண் உண்டு. சாத்திரியார் தாமே நாடகங்கள் இயற்றி, பெண் வேடமும் பூண்டு நடித்தவர் என்பர். தம் உடலால் அறிந்ததை அவர் நூலில் வைத்திலர். அக்காலப் புலமையுலகம் அதனை நூற்பொருளாக ஏற்றிராது என்பதே காரணம் போலும்.

விபுலானந்த அடிகளின் மதங்க சூளாமணி 1926-இல் மதுரைத் தமிழ்ச் சங்க வாயிலாக வெளிவந்தது. தொடக்க மாணவனுக்கு நாடகவியலினும் இது பன்மடங்கு பயன்படும் என்பது என் துணிபு. காரணம், அடிகள் இலக்கணத்தைக் கூறி அமையாது எடுத்துக்காட்டுக்குச் செல்கின்றார். செகசிற்பியார் எனத் தாம் தமிழ்ப்படுத்தி வழங்கிய ஆங்கில நாடகப் புலவரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் கதைப்போக்கை நம் பழைய உரையாசிரியர் கூறிய முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்னும் ஐந்து சந்திகளோடு பொருத்திக் காட்டுகின்றார். வித்து முளைத்தல் முதலாக விளைந்ததை அறுத்து உண்டல் ஈறாக உழவின் நிலைகளைக் கொண்டு நாடகத்தின் வளர்ச்சியை விளக்கிய அப்பழைய உவமை, அயல்நாட்டு நாடகத்திற்கும் பொருந்துதலைக் காணும் மாணவன் தன் மரபின்பால் மதிப்பும் பிறர் மரபின்பால் உறவும் ஒருங்கே எய்துகின்றான். எனினும் இந்நூலும் மாணவனை இருக்கையினின்று எழுப்பவில்லை. அவன் கதையின் எலும்புகளை எண்ணக் கற்கின்றான். உயிர்ப்பின் ஓட்டத்தைக் கற்கவில்லை.

இனி, அரங்கின் பக்கத்தினின்று எழுதியவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய அவர், நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறும் நெறி குறித்துத் தனி நூலே எழுதினார். அது கற்றார் வகுப்பறைக்குள் பாடமாக நுழைந்தது அரிது. புலமைக்கும் மேடைக்கும் இடையே எழுந்து நின்ற சுவரின் உயரத்தை இதனின்று அறியலாம்.

அச்சுவரின் மறுபுறத்தில் நிகழ்ந்த கல்வியையும் நேர்மையாக எடைபோடல் வேண்டும். சங்கரதாச சுவாமிகள் 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். பாலர் சபைகளில் சேர்ந்த சிறுவர் பலர் பள்ளிப் படிப்பை இடையிலே விட்டவர். சிலர் பள்ளி வாயிலையும் மிதியாதவர். இளமை முழுவதும் ஊர் ஊராய் அலைந்தனர். குரல் உடையுங்கால் வேடம் இழந்தனர். கண்டிப்பும் தண்டனையும் உடன் இருந்தன. இவற்றை மறைத்து அச்சபைகளைப் பொற்காலமெனப் புகழ்தல் எனக்கு உடன்பாடன்று. ஆயினும் சந்தமும் சிலேடையும் நிறைந்த பாட்டையும் செறிந்த உரையாடலையும் நாள்தோறும் நாவில் பயின்ற அச்சிறுவர், பிழையின்றித் தமிழ் ஒலிக்கவும் அவை அஞ்சாது பேசவும் கற்றனர். அச்சபையில் இளமையிலே சேர்ந்த தி. க. சண்முகம் பின்னாளில் எழுதிய எனது நாடக வாழ்க்கை என்னும் நூலின் தெளிந்த நடையே இதற்குச் சான்று. பள்ளி கொடாத தமிழை மேடை அவருக்குக் கொடுத்தது. நாம் பயிற்றும் பட்ட வகுப்பு மாணவரோ, தமிழ் முழுதும் கற்றும், அவையின் முன் நான்கு அடிகளை நிறுத்திச் சொல்ல நா எழாது நிற்கின்றனர். இவ்விரு நிலைகளுள் எது வெட்கத்திற்குரியது என்பதைப் பேராசிரியர்களே கூறுக.

சுவரை உடைத்த செயல் ஒன்றும் நம் மொழியில் நிகழ்ந்தது. இலங்கைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் மட்டக்களப்பு நாட்டுக்கூத்தை மாணவரைக் கொண்டே ஆடுவித்தார். கர்ணன் போர் 1962-இலும், நொண்டி நாடகம் 1963-இலும், அவற்றைத் தொடர்ந்து இராவணேசனும், 1968-இல் வாலிவதையும் அரங்கேறின. 1956-இல் சரச்சந்திரர் சிங்களத்தில் அளித்த மனமே நாடகம் இம்முயற்சிக்கு ஊக்கமாயிற்று என்பது யாவரும் அறிந்தது. ஈண்டு நம் கருத்தை ஈர்ப்பது நாடகத்தின் வெற்றியன்று, கற்பித்த முறை. பல்கலைக்கழக மாணவர் அண்ணாவியாரின் முன் நின்று, தாளக்கட்டுக்கு அடிவைக்கப் பழகினர். ஊர்களில் கூத்துப் பழகுதற்கென ஒரு வரிசை உண்டு. முதலில் சட்டங்கொடுத்தல், அஃதாவது இன்னார்க்கு இன்ன வேடம் என வரையறுத்து அவரவர்க்குரிய பாட்டு எழுதிய ஏட்டை அளித்தல். பின்னர் ஆட்டமும் பாட்டும் மாதக்கணக்கிற் பழகிச் சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், இறுதியில் களரியேற்றம். இவ்வரிசையில் ஏடு கைக்கு வந்தவுடன் கால் எழுகின்றது. பொருள் உணர்தல் ஆட்டத்தினூடே நிகழ்கின்றது. இராவணேசனில் மாணவராய் ஆடிய சி. மௌனகுரு பின்னர் நாடக ஆராய்ச்சியிலும் பேராசிரியப் பணியிலும் சிறந்து விளங்கியமை இக்கல்வியின் பயனைக் காட்டும். யாழ்ப்பாணத்தில் 1978-இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நிறுவிய நாடக அரங்கக் கல்லூரியும், தமிழகத்தில் 1977-இல் காந்திகிராமத்தில் பேராசிரியர் சே. இராமானுஜம் முதலியோர் நடத்திய பயிற்சிப் பட்டறையும் இவ்வழியில் எண்ணத்தக்கன.

இவை கூறியவுடன் ஒரு தடை எழும். தமிழ்த்துறை நடிகரை ஆக்கும் இடமோ? அன்று. யாப்பிலக்கணம் கற்பிப்பது மாணவரெல்லாம் புலவராதற்பொருட்டன்று. ஆயினும் ஒரு வெண்பாவேனும் இயற்றிப் பார்த்தவன் தளை தட்டுதலின் துன்பத்தை அறிவான். அதுபோல ஒரு களத்தையேனும் நின்று பேசிப் பார்த்தவனே நாடகச் செய்யுளின் இயல்பை அறிவான். தடை கூறுவோர் மற்றொன்றும் கூறுவர்: இம்முறை மேனாட்டுப் பள்ளிகளினின்று வந்தது, நம் மரபிற்கு அயலானது என்பர். இதற்கு விடை நம் உரை நூலிலேயே உள்ளது. இக்கட்டுரை எழுதத் தூண்டியதும் அப்பகுதியே.

சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், இறந்துபட்ட நாடக நூல்களின் பெயர்களை நமக்கு அறிவித்தவர் என்றே பெரும்பாலும் போற்றப்படுகின்றார். முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்னும் பெயர்களை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். இழந்தவற்றை எண்ணி இரங்கும் விரைவில், அவர் காத்துத் தந்ததை நாம் காணத் தவறினோம். அவ்வுரையுள் இருபத்து நான்கு வகை அவிநயம் கூறப்படுகின்றது. வெகுண்டோன், ஐயமுற்றோன், சோம்பினோன், உவந்தோன், அழுக்காறுடையோன், உறங்கினோன், துயிலுணர்ந்தோன், மழை பெய்யப்பட்டோன், பனித்தலைப்பட்டோன், வெயில் தலைப்பட்டோன், நாணமுற்றோன், கண்ணோவுற்றோன், தலைநோவுற்றோன், நஞ்சுண்டோன் எனச் செல்கின்றது அப்பட்டியல். ஒவ்வொருவர்க்கும் முகம் எவ்வாறு, கண் எவ்வாறு, கைகால் எவ்வாறு என மேற்கோட் செய்யுட்கள் விரிக்கின்றன.

இப்பட்டியலை ஆசிரியர் பலரும் அகராதி போலக் கடந்து செல்வர். ஆனால் சற்றே நின்று நோக்குக. இதில் அரசன் இல்லை, தேவன் இல்லை, காப்பியத் தலைவன் இல்லை. மழையில் நனைந்தவன் உளன். தலைவலி கொண்டவன் உளன். உறங்கியவனும், உறங்கி எழுந்தவனும் வேறு வேறாக உளர். எவரும் தம் வாழ்நாளில் பட்டறிந்த நிலைகளே இவற்றுட் பெரும்பாலன. தொடக்க நாடக வகுப்பில் எந்த நாட்டு ஆசிரியரும் முதல் நாளில் மாணவர்க்கு இடும் பயிற்சி இத்தகையதே: நீ மழையில் அகப்பட்டாய், நடந்து வா, நீ துயிலெழுந்தாய், சுற்றிலும் பார். ஆகவே இப்பட்டியல் இலக்கண வகைப்பாடு மட்டுமன்று. ஒரு பயிற்சி நூலின் எச்சம் எனக் கொள்ளுதற்கு இடமுண்டு என்பது என் கருத்து. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாட்டிற்கும் நான்கு நான்காக முப்பத்திரண்டு நிலைக்களன் கூறும். அழுகை இழவினாலும் பிறக்கும், வறுமையாலும் பிறக்கும் என்னும்போது அது காரணத்தை நோக்குகின்றது. இருபத்து நான்கு அவிநயமோ காரணம் உடலிற் செய்யும் மாற்றத்தை நோக்குகின்றது. முன்னது புலவனுக்கு முதன்மையாக உரியது, பின்னது கூத்தனுக்கு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, உரையிற் கண்டதை மெய்ப்பாட்டின் விரிவு எனக் கூறி முடிப்பது பொருந்தாது.

ஒரு முறை முதுகலை வகுப்பில் இவ்வுரைப் பகுதியை நடத்துங்கால், இருக்கைகளை ஒதுக்கிவிட்டு, மழை பெய்யப்பட்டோனாக ஒருவர் வருக என்றேன். நகைப்பு எழுந்தது. நெடுநேரம் கழித்து ஒருவர் வந்தார். உடல் முழுவதும் நடுங்கிக் காட்டினார். அவையினர் மேலும் நகைத்தனர். அடுத்து வந்த மாணவி நடுங்கவில்லை. தோளைக் குறுக்கி, முகத்தை ஒடுக்கி, மேலாடையை இறுகப் பற்றி, ஓரமாக நடந்து வந்தார். நகைப்பு அடங்கிவிட்டது. பின்னர் உரையை மீண்டும் படித்தோம். மெய்ந்நடுக்கம் அங்குக் கூறப்பட்டுள்ளது. அதனோடு போர்த்த ஆடையும், ஒடுங்கிய முகமும், பல்லின் ஓசையும் கூறப்பட்டுள்ளன. நடுக்கம் ஒன்றையே பற்றியவர் பிழைத்தார். அதனை அடக்க முயலும் உடலைக் காட்டியவர் வென்றார். முன்னர் அச்செய்யுளைப் பதவுரையோடு படித்தபோது எவர்க்கும் இவ்வேறுபாடு புலனாகவில்லை. எனக்கும் புலனாகவில்லை என்பதை ஒளிக்க வேண்டுவதில்லை.

மறு வாரம் அரங்கை எடுத்துக்கொண்டோம். இருபத்து நான்கு பெருவிரல் அளவுடைய கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என அரங்கேற்று காதை கூறும் அளவை மாணவர் எழுதித் தேர்வில் மதிப்பெண் பெறுவர். அதன் சிறுமை அவர்க்குத் தெரியாது. ஒருவரது பெருவிரலை அளந்து கோல் செய்து, வகுப்பறைத் தரையில் சுண்ணக்கட்டியால் அவ்விடத்தை வரைந்தோம். அறைக்குள் அது எளிதில் அடங்கியது. நால்வர் உள்ளே நின்றவுடன் ஒருவர் அசைந்தால் மற்றவர் ஒதுங்கவேண்டிய நிலை ஏற்பட்டது. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு நிறுத்தப்பட்டது என்னும் குறிப்பின் அருமை அப்போதுதான் விளங்கிற்று. அச்சிறிய இடத்தில் ஒரு நிழல் ஆடுவோள் முகத்தையே விழுங்கிவிடும். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரை எதற்கு என முன்னர் வினவாத மாணவர் அன்று வினவினர். ஐந்தாம் ஆண்டில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் ஆண்டில் அவ்வரங்கில் ஏறிய மாதவியின் அச்சம் எத்தகையதாய் இருந்திருக்கும் என ஒருவர் கேட்டார். இளங்கோ அதனைக் கூறவில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என அறுவர் அவளைச் சூழ நிற்கின்றனர். அறுவர் கற்பித்தும் அரங்கில் அவள் தனியள்.

இறுதியாக அச்சுண்ணக்கோட்டிற்குள்ளேயே மனோன்மணீயத்தின் முதற்களத்தை நிறுத்திப் பார்த்தோம். சுந்தர முனிவர் பாண்டியன் அவைக்கு வருகின்றார். மன்னன் தான் எடுப்பித்த புதிய கோட்டையைப் பற்றிப் பெருமிதம் கொள்கின்றான். முனிவர் உள்ளத்தே ஐயம். இவ்விருவரும் பேசுங்கால் குடிலன் எங்கு நிற்பது? மன்னனுக்கு அணுக்கமாகப் பின்னே நிறுத்தினோம். அவன் மன்னனின் நிழல் போலத் தோன்றினான். முனிவர்க்கும் மன்னர்க்கும் இடையே நிறுத்தினோம். அவன் நோக்கம் அப்போதே வெளிப்பட்டு, பின்வரும் தனிமொழி வீணாயிற்று. சற்று விலகி, இருவரையும் காணும் இடத்தில், தலை தாழ்த்தி நிறுத்தியபோதே களம் தன் இயல்பை அடைந்தது. குடிலனின் தனிமொழியைப் பேசியவர், அடிதோறும் நிறுத்தி ஓசை இன்பம் தோன்றச் சொன்னார். சூழ்ச்சி செய்பவன் அவ்வாறு பேசான் என அவையினர் மறுத்தனர். அடி முடிவில் நில்லாது கருத்து முடியும் இடத்தில் மூச்சை விட்டுச் சொன்னபோது, ஆசிரியப்பா ஏன் நாடகத்திற்கு ஏற்ற பா என்பதை விரிவுரை இன்றியே அனைவரும் உணர்ந்தனர். சில இடங்களில் எவ்வளவு முயன்றும் மூச்சுப் போதவில்லை. அவ்விடங்கள் அரங்கிற்கு நெடியன. எழுதியவர் அங்கே நாடகத்தை விட்டுத் தத்துவ ஆசிரியராகிவிட்டார். இதுவும் ஒரு திறனாய்வு முடிபே. ஏட்டை மட்டும் நோக்கி இதனைத் துணிந்திருக்க இயலாது.

இம்முறைக்குக் குறையும் உண்டு. மூன்று வாரத்தில் ஒரு களம் முடிந்தது. நூலில் களங்கள் இருபது. பாடத்திட்டம் காத்திராது. கூச்சம் மிக்க மாணவர் சிலர் இறுதிவரை கோட்டிற்குள் வரவே இல்லை. அவரை வற்புறுத்துதல் முறையன்று எனக் கருதி, அவர்க்கு நிலை குறித்தெழுதும் பணியை அளித்தேன். அவர் குறிப்புகளே பின்னர் எனக்கு மிகப் பயன்பட்டன.

அவ்வாண்டுத் தேர்வில் வினாத்தாள் வழக்கம் போலவே குடிலன் பண்பை விளக்குக எனக் கேட்டிருந்தது. பெரும்பாலோர் வஞ்சகன், நயவஞ்சகன், பேராசையன் என அடைமொழிகளை அடுக்கியிருந்தனர். ஒருவர் மட்டும், முதற்களத்தில் குடிலன் எங்கு நிற்கவேண்டும் என்பதிலிருந்து தொடங்கி, பிறர் பேசுங்கால் அவன் கேட்கும் முறையைக் கொண்டே மூன்று பக்கம் எழுதியிருந்தார். அடைமொழி ஒன்றும் இல்லை. அவ்விடைக்கு எத்துணை மதிப்பெண் இடுவது என்பதில் எனக்கும் உடன் திருத்தியவர்க்கும் இடையே நெடுநேரம் கருத்து வேறுபட்டது.